பன்னிரண்டாம் காம்பராவின் சந்தா

பண்டாரவளையில் முன்ஸிப் முதலாளியின் கேபிள் டிவி கம்பெனியில் எனக்கு ஒரே வேலைதான். எத்தனை வீடு இந்த மாதச் சந்தாவைக் கட்டியது, எத்தனை வீடு நிறுத்தியது, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல வேண்டும். தொடர்கிற வீடு பச்சை, நிறுத்திய வீடு சிவப்பு. முதலாளிக்குச் சிவப்பைக் கண்டாலே ஆகாது. அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சிவப்பென்றால் பயமாகிவிட்டது.

வைகாசியில் யாரும் நிறுத்தச் சொல்லாமலே ஒரு பெயர் சிவப்பானது. பெரகல ஊர் டெய்லர் மொஹிதீன். போன் போட்டேன். "நான் எங்க புள்ள நிப்பாட்டினேன்? இப்பவும் நியூஸ்தான் பாக்குறேன்" என்று சிரித்தார். மூன்றாம் நாள் மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. பிறகு கொஸ்லந்தையில் ஒரு கிழவி, அதற்குப் பிறகு ஒரு லொறி டிரைவர். எல்லோருக்கும் மூன்றே நாள்.

"சிஸ்டத்தில ஏதோ கோளாறு மகள்" என்றார் முதலாளி. கோளாறு எங்கேயாவது நாள் எண்ணுமா? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஐப்பசி மழையில் ஒரு காலை, பதினொரு பெயர்கள் ஒன்றாகச் சிவந்திருந்தன. எல்லாம் பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்த லயத்து வீடுகள். ஒரே வரிசையில் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். கடைசிக் காம்பரா மட்டும் பச்சை. அது என் அப்பா மாடசாமியின் வீடு. சம்பளத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே போனில் சந்தாவைக் கட்டிவிடுகிற மனுசன். அந்தப் பச்சையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைப்பானேன்.

முதல் காம்பரா விஜயலெட்சுமி அக்காவை அழைத்தேன். "அக்கா, எல்லாரும் ஸ்கூலுக்குப் போயிருங்க. நம்ம லயத்துல பதினோரு வீடு செவப்பா வந்திருக்கு."

டெய்லர் கதை தோட்டம் முழுக்கப் பரவியிருந்ததால் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலு நாள் மழை வேறு. மத்தியானத்துக்குள் பெட்டி படுக்கையோடு போய்விட்டார்கள். அப்பா மட்டும் போகாமல் எனக்குப் போன் போட்டார்.

"பாப்பா, எம் பேரு என்ன கலரு?"

"பச்சைப்பா. ஆனாலும் நீங்களும் போங்க."

"பச்சைன்னா எனக்கு ஒண்ணும் இல்லதான? எல்லாரு மாடும் இங்க கட்டிக் கெடக்கு. ஒருத்தராச்சும் பாத்துக்கணும்ல."

எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவள் நான். அன்றைக்கு நிற்கவில்லை. அந்தப் பட்டியலை நானும் நம்பினேன். "சரிப்பா, கவனமா இருங்க" என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மலை இறங்கியது. லயம் இருந்த இடமே தெரியவில்லை. ஸ்கூலில் இருந்தவர்கள் ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. இரண்டு வாரம் தோண்டியும் அப்பா கிடைக்கவில்லை, தோண்டுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சிவப்பு, சாகப்போகிறவர்களைச் சொல்லவில்லை. வீட்டை விட்டுப் போகப்போகிறவர்களைச் சொன்னது. டெய்லர் போனார், கிழவி போனாள், டிரைவர் போனார், பதினொரு குடும்பமும் போனது. வீட்டிலேயே இருந்துவிட்டவர் அப்பா ஒருவர்தான். இருக்க விட்டது நான்.

நேற்று பத்தாம் தேதி, தோட்டத்துச் சம்பள நாள். இன்று காலை பட்டியலைத் திறந்தேன். பன்னிரண்டாம் காம்பரா, மாடசாமி. பச்சை. சந்தா வந்த நேரம் ஏழு மணி. வந்தது அப்பாவின் போனிலிருந்து. அந்தப் போன் அவரோடுதான் மண்ணுக்குள் கிடக்கிறது.

பின்னால் வந்து நின்ற முதலாளியும் திரையைப் பார்த்தார். காசு வந்தால் முகம் மலர்கிறவர், இன்று முகம் வெளிறிப்போனார்.

"யா அல்லாஹ். நிப்பாட்டிரு மகள், இத நிப்பாட்டிரு."

அவர் பயத்தில் சொன்னார். நான் வேறு யோசித்தேன். சிவப்பானவர்கள் எல்லோரும் மூன்று நாளுக்குள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள் இல்லையா. மௌஸை நகர்த்தி அப்பாவின் பெயரைச் சிவப்பாக்கினேன்.

"பதினாலாம் தேதி எனக்கு லீவு வேணும் முதலாளி" என்றேன். "லயத்துக்குப் போகணும். அப்பா வெளிய வருவாரு."