ரவிக்கைத் துணியில் ஒரு கவுன்

யுத்த காலத்து மதராஸில் துணிக்கும் ரேஷன் வந்துவிட்டது. சாந்தோமில் குடியிருந்த தலைமை குமாஸ்தா ஆம்ப்ரோஸின் கௌரவத்துக்கு மட்டும் ரேஷன் வரவில்லை.

அவர் மனைவி ஃப்ளோரா, மீன்காரி தேவானைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். மஞ்சள் துணியில் பெரிய பெரிய சிவப்புக் கட்டம். "மிச்சத்துல பாப்பாவுக்கு ஒரு கவுன் தச்சிக்கோம்மா" என்றாள் தேவானை. மூன்று வயது ஆலிஸுக்கு அன்றே கவுன் தயாராகிவிட்டது.

"மீன்காரி ரவிக்கையா என் பெண்ணுக்கு? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்று குதித்தார் ஆம்ப்ரோஸ். பழைய கவுன் கிழிந்திருந்ததால் குதித்ததோடு சரி.

மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவம் பார்க்க ஆலிஸை அந்தக் கவுனோடு கூட்டிப் போனார். கூட்டத்தில் ஆபீஸ் மேலதிகாரி எதிர்ப்பட்டார். கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே! ஆலிஸின் கையை விட்டார் ஆம்ப்ரோஸ். கும்பிட்டு நிமிர்ந்தால் குழந்தையைக் காணோம்.

மாடவீதி நான்கும் சுற்றித் தேடிவிட்டு, ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அழுதார். அப்போது தேவானை வந்தாள்; அவள் இடுப்பில் ஆலிஸ்.

"இன்னா சார் நீ! நம்ம ரவிக்க தனியா நடந்து போவுதேன்னு பாத்தேன். உள்ள நம்ம பாப்பா கீது!"

ஆம்ப்ரோஸ் எழுந்து கும்பிட்டார். அன்று அவர் போட்டதில் உருப்படியான கும்பிடு அதுதான்.

ஞாயிறு பூசைக்காகப் பழைய கவுனை ஒட்டுப்போட ஃப்ளோரா ஊசி எடுத்தாள்.

"கட்டம் போட்டதையே போடு," என்றார் ஆம்ப்ரோஸ். "பார்க்கிறவங்க நல்லாப் பார்க்கட்டும்."