வலித்தால் கையைத் தூக்கவும்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. உள்ளத்தின் ஆழத்தில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. பத்திரிகை ஆசிரியர் எதிர்பார்ப்பதும் அதுதான். "குளிர்கால இதழ் சார். ஒரே பக்கம். ஆனா கனமா இருக்கணும்" என்றார். கனம் என்றால் அவருக்கு யாராவது சாக வேண்டும்.

பல் டாக்டர் அம்மா என் ஈறில் ஊசி போட்டார். "மரத்துப்போகட்டும். வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். கையுறையைக் கழற்றி, ஸ்டூலை ஹீட்டர் பக்கம் இழுத்துப்போட்டு, பையிலிருந்து ஒரு சிவப்பு லேஸ் சால்வையை எடுத்துப் பின்னத் தொடங்கினார். என் வாய் மரத்துவிட்டது, பேச முடியாது. அதனால் இன்னொருவரைக் கவனிக்க வேண்டியதாயிற்று. எழுத்தாளர்களுக்கு இது அடிக்கடி நடப்பதில்லை.

2

தொடக்கத்துக்கான முயற்சிகள்:

"வெளியே பனி. உள்ளே, காலம் என்னும் நூலை..." (காலத்தை நூலாக்கியவர்களைத் திரட்டினால் ஒரு மில்லே திறக்கலாம். வேண்டாம்.)

"அவள் பின்னியது சால்வையை அல்ல..." (சால்வையைத்தான் பின்னினார்.)

"டாக்டருக்குக் குளிர்காலம் பிடிக்கும்." இது உண்மை. இருக்கட்டும்.

3

டாக்டருக்குக் குளிர்காலம் பிடிக்கும். வெயில் நாளில் கம்பளி நூல் விரலில் ஒட்டிக்கொள்ளும். குளிரிலோ பின்னப் பின்னச் சால்வை மடியில் இறங்கி முழங்காலை மூடும். போர்த்திக்கொள்ளும் முன்பே கூலி கொடுத்துவிடுகிற வேலை. பின்னல் ஊசியில் நிற்கும் நூல் வளையங்களில், அதாவது கண்ணிகளில், இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கி, ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைகள் வரிசையாகச் சேர்ந்தால் பூ. விரல்கள் இதைத் தானாகச் செய்ய, முகம் மெல்லத் தளரும். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு கூரையைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் டாக்டரை யாரும் எதுவும் கேட்க முடியாது.

"நாள் பூரா ஓட்டையை அடைக்கிறேன் சார்" என்றார், ஊசியைப் பார்த்தபடி. "இங்க நானே போட்டுக்கறேன். யாரும் கத்துறதில்ல."*

* இந்த இடத்தில் ஒரு தத்துவப் பத்தி வர வேண்டும். இடம் விட்டிருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன்.

4

சிக்கல் என்னவென்றால், இது டாக்டர் தமக்கென்று பின்னும் முதல் சால்வை. போன குளிரில் பின்னியது மாமியாருக்குப் போனது. அதற்கு முந்தையது நாத்தனாருக்கு, அதற்கும் முந்தையது நாத்தனாரின் மாமியாருக்கு. இந்தச் சிவப்பு அவரே தேடிப் பிடித்தது. அதே சாயத்தில் தோய்ந்த நூல் கடையில் தீர்ந்துவிட்டது. பிறகு வந்த சிவப்பு வேறு சிவப்பு.

மிஞ்சியிருப்பது ஓர் எலுமிச்சம்பழ அளவு உருண்டை. கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடி ஓரம் கட்டியாக வேண்டும். அதற்குத்தான் நூல் அதிகம் பிடிக்கும். போதாவிட்டால் கடைசிப் பூவரிசையைப் பிரித்துவிட்டு அந்த நூலில் முடிக்கலாம். ஆனால் சால்வை சின்னதாகிவிடும். டாக்டரின் அகன்ற தோளுக்கு எட்டாது. நாத்தனாருக்குக் கச்சிதமாக இருக்கும்.

கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருப்பவள் அந்த நாத்தனார்தான். கதவில் சாய்ந்து உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பேசாம ஒரு வரிசையைப் பிரிச்சிடுங்க. சின்னதானா என்ன, எனக்குப் போதும்."

"உனக்கு எப்பவும் போதும்டி. அதான் உன் பீரோ மூட மாட்டேங்குது."

5

டாக்டரின் கணவர், பேராசிரியர், இந்தக் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். பெருமை பேசுகிறவர் ஒருவர் உள்ளே இருந்தால் என்னுடைய பெருமை வெளியே தெரியாது என்பதால் வைத்துக்கொண்டேன்.

மனைவியை அழைத்துப்போக வந்தவர், பதில் சொல்ல முடியாத என்னைக் கண்டதும் மலர்ந்தார். "கவனிச்சீங்களா சார்? இவ நூலைப் பின்னல. நடுவுல இருக்கிற வெறுமையைப் பின்றா."

"வெறுமைக்கு நூல் செலவாகாதுன்னு நானும் நம்பினேங்க" என்றார் டாக்டர். "உருண்டையைப் பாருங்க."

உருண்டை இப்போது கோலிக்குண்டு. டாக்டரின் கை வேகமெடுத்தது. மெதுவாகப் பின்னினாலும் அதே நூல்தான் ஆகும். பின்னுகிற எல்லோருக்கும் இது தெரியும். எல்லோரும் நூல் தீர்வதற்குள் முடித்துவிடலாம் என்று ஓடுவார்கள்.

(சிரிக்காதீர்கள். பக்கம் குறைகிறது. என் வாக்கியங்களும் ஓடுகின்றன.)

6

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) நூல் போதுகிறது. டாக்டர் சால்வையை நனைத்து, கட்டில் முழுக்க இழுத்துப் பரப்பி, குண்டூசி குத்திக் காயவைக்கிறார். கசங்கிக் கிடந்தது பூப்பூவாக விரிகிறது. பேராசிரியர் நாற்காலியில் தூங்குகிறார்.

ஆ) போதவில்லை. பிரிக்கிறார். நாத்தனாரின் பீரோ இன்னும் மூட மறுக்கிறது.

இ) டாக்டர் இறந்துவிடுகிறார். (ஆசிரியருக்காக. இதிலும் சால்வை நாத்தனாருக்கே போவதால் 'ஆ'விலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை.)

7

எந்த முடிவை எடுப்பது என்று யோசிப்பதற்குள் நாக்கு நுனிக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. பின்னாலேயே பல்லும் விழித்துக்கொண்டது.

ஓரத்தில் கொஞ்சம் கண்ணிகள் பாக்கி. நூலும் கொஞ்சம். எந்தக் கொஞ்சம் பெரியது என்று படுத்த இடத்திலிருந்து தெரியவில்லை.

"மரப்பு விட்டுடுச்சா சார்?" டாக்டர் நிமிரவில்லை. "வலிச்சா கையைத் தூக்குங்க, இதைக் கீழ வெச்சிட்டு வந்துடறேன்."

நாத்தனார் உள்ளே வந்து இரு கைகளையும் நீட்டினாள். "நீங்க சாரைப் பாருங்க அண்ணி. அதுக்குள்ள நான் ஒரு வரிசை பிரிச்சு வெக்கறேன். பிரிக்கிறது எனக்கு நல்லா வரும்."

டாக்டரின் விரல்கள் இன்னும் வேகமாக

வலிக்கிறது. நன்றாகவே வலிக்கிறது. தூக்க வேண்டிய கையும் இதை எழுதுகிற கையும் ஒன்றுதான். ஆசிரியர் கொடுத்த பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது.

உங்களுக்குத்தான் வலிக்கவில்லையே. நீங்களே சொல்லுங்கள், தூக்கட்டுமா?