சனிக்கிழமை மூன்று மணி

“பாட்டுன்னா வீட்டுல உக்காந்து கேளேன்! கூட்டத்துல போய்க் கத்தினாத்தான் மனசு ஆறுமா?” என்று அண்ணன் எகிறினான்.

“நான் கத்துறது இருக்கட்டும். இப்ப நீ கத்துறது தெருமுனை வரைக்கும் கேக்குது” என்றாள் தங்கை.

கேட்டதுதான். தெருக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஆளாளுக்கு அவள் வீட்டு ஜன்னலோரம் வந்துவிட்டோம்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடம். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கும் இந்தத் தங்கைதான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அண்ணன் தந்ததெல்லாம் யோசனை. ‘யோசனை மன்னன்’ என்று தெருவே பட்டம் கட்டியிருந்தது. நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் நூலக மாடியில் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூடிப் பாடுகிறார்கள். பக்கத்து வீட்டம்மாவைக் காவல் வைத்துவிட்டு ஒரு தடவை போய் வந்தவள், அன்றைக்குத் தூக்க மாத்திரை போடாமலே தூங்கினாள். அதனால்தான் வாரம் இரண்டு மணி நேரம் அப்பாவோடு இருக்கச் சொல்லி அண்ணனைக் கேட்டாள்.

மன்னன் அதற்குப் பதிலாகக் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனோடு வந்து நின்றான்.

“இடி விழுந்தாலும் கேக்காது. இதுல பாட்டுக் கேளு, எல்லாம் சரியாயிடும்.”

அப்பா முனகினால் ஓட வேண்டியவளுக்கு எதுவுமே கேட்காத கருவி! புத்தியை எந்தக் கடையில் விற்றானோ.

“சரி, குடு” என்று வாங்கி மாட்டிக்கொண்டு, தையல் மெஷின்முன் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா முனகினார். படுக்கை நனைந்துவிட்டது.

“ஏய்! அப்பா கூப்பிடுறாருடி! ஏய்!”

அவள் திரும்பவில்லை. ஹெட்ஃபோனில் பாட்டு எதுவும் ஓடவில்லை, பின்னால் அவளே எங்களிடம் சொன்னாள். இடியென்ன, அப்பாவின் முனகலே நன்றாகக் கேட்டது. பழகிய கால் தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை மெஷினின் மிதிகட்டையிலேயே அழுத்தி வைத்தாள்.

யோசனை மன்னன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் விரிப்பை உருவினான், வரவில்லை. மூக்கை விட்டான், குமட்டியது. அப்பாவின் காலை எந்தப் பக்கம் தூக்குவதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தான். அங்கே நின்ற நாங்கள் யாரும் யோசனை சொல்லவில்லை. ஒரு விரிப்பு மாற்ற முக்கால் மணி நேரம்! சட்டையெல்லாம் தொப்பலாக வந்து அவள்முன் நின்றான்.

“நீ போய்ப் பாடித் தொலை. சனிக்கிழமைக்கு நான் ஒரு ஆளை அனுப்புறேன்.”

“எல்லா சனிக்கிழமையும்.”

“எல்லா சனிக்கிழமையும்தான் தாயே!”

அடுத்த வாரமே ஒரு நர்ஸம்மா வந்தாள். இவளும் மாடியேறிப் பாடினாள். குரல் ஒன்றும் தேன் இல்லை, நான் கீழே நின்று கேட்டிருக்கிறேன்.

மறு வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். பாட்டுக் கூட்டத்தில்தான் ஆளைப் பிடித்தாள் என்று தெரு சொன்னது, சுத்தப் பொய். அவள் கட்டிக்கொண்டது தையலுக்குப் பொத்தான் கொண்டுவந்து போடும் வியாபாரியை. அண்ணனோ, மாமியார் படுத்த படுக்கையானதும், அந்தம்மாவைக் கொண்டுவந்து படுக்கவைக்கக் கூடுதலாக ஓர் அறைகூட இல்லாத வீடாகத் தேடிப் பிடித்து வேறு ஊருக்குக் குடிபோனான்.