பனியனுக்குள் போன மூச்சு

நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனி ஒன்றில் டைலர் சகாயராஜ் தைத்த பனியன்கள், யாரோ உள்ளே இருப்பதுபோல உப்பிக்கொண்டு வந்தன. கழுத்தும் கையும் திறந்துதான் இருந்தன, காற்று மட்டும் வெளியே போகவில்லை. பேக்கிங் ஆட்கள் அட்டைப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து மூடினார்கள். முதலாளி ஆறுச்சாமி முதலில் நூலைக் குறை சொன்னார், பிறகு சாயப்பட்டறையை.

செக்கிங்கில் நின்ற ரோஸ்மேரிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கட்டிய மனைவிக்குத் தெரியாதா? தெருவுக்கே கேட்கும் சகாயராஜின் குறட்டையில் அவளுக்குப் பயமில்லை, அது நிற்பதில்தான் பயம். தடித்த கழுத்தோடு மூச்சுப்பேச்சில்லாமல் கிடப்பார். உலுக்கினால் திணறி விழித்து அவள் மேலேயே எரிந்து விழுவார். காலையில் தலைவலி, பகலெல்லாம் கொட்டாவி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் மெஷினிலேயே கண் சொருகும்போது, நின்றுபோகும் மூச்சு கையிலிருந்த பனியனுக்குள் போய்ச் சேர்ந்தது.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்த டாக்டர், தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, இப்படியே விட்டால் இதயம் தாங்காது என்றார். எடை குறைய வேண்டும், முகமூடி மாட்டி மெஷின் காற்றில்தான் தூங்க வேண்டும். பனியன் சங்கதியை ரோஸ்மேரி சொன்னபோது, அதையும் கேட்டுத் தலையாட்டினார். சகாயராஜ்தான் முகமூடியைத் தொடவே இல்லை.

"நான் நல்லாத்தான தூங்குதேன்? ஒனக்குத்தான் தூக்கம் வரல."

"தூங்குத ஆளுக்கு என்ன தெரியும்? முழிச்சிக் கெடக்கது நான்லா."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கழித்துப்போட்ட பனியன் ஒன்றை அவர் மடியில் வைத்தாள். "இத அமுக்குங்க. காத்து தீருத வரைக்கும் நீங்களும் மூச்சப் பிடிச்சிக்கிடுங்க."

அமுக்கினார். காற்று போய்க்கொண்டே இருந்தது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, அவர் தோற்று மூச்சு வாங்கியபோது பனியன் பாதிதான் வற்றியிருந்தது. "இம்புட்டு நேரமாட்டீ மூச்சு நின்னுருக்கு?" என்றார். ரோஸ்மேரி அழுதுவிட்டாள். இத்தனை வருஷமாகத் தனியாகப் பயந்த பயமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

அன்றிலிருந்து முகமூடி மாட்டிக்கொண்டார், பனியன்கள் தட்டையாக வந்தன. "நூல மாத்துனதுல எல்லாஞ் செரியாப் போச்சுங்க" என்று ஆறுச்சாமி பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார்.

பழைய உப்பிய பனியன்களை ரோஸ்மேரி கேட்டு வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கியிருக்கிறாள். கரண்ட் போய் மெஷின் நின்றால், ஒன்றை எடுத்து அவர் மூக்கருகே வைத்து மெதுவாக அமுக்குகிறாள். கரண்ட் வரும்வரை அது தாங்குகிறது. காற்று தீர்ந்த பனியனை மறுநாள் அவரே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.