புளிச்சக்கீரைத் தொக்கும் ஆய்வக அறிக்கையும்

திருப்புல்லாணி சண்முகவள்ளி புளிச்சக்கீரைத் தொக்கும், அதே இலையை விளக்கெண்ணெயில் காய்ச்சிய பித்தவெடிப்புக் களிம்பும் செய்து, ராமேஸ்வரத்தில் மகளிர் குழுக் கடையில் விற்றுவந்தாள். அவள் செய்த ஒரே தப்பு, லேபிளில் கீரைக்கட்டைப் போடாமல் ஒற்றை இலையைப் போட்டது. விரல் விரித்த கை மாதிரி இருக்கும் அந்த இலை. வயலில் நிற்பவர்களுக்கு அது கீரை. சினிமா பார்ப்பவர்களுக்குக் கஞ்சா.

யாரோ புகார் எழுதிப்போட, உணவுப் பாதுகாப்பு அதிகாரி வினோத்குமார் வந்து இறங்கினார். தொக்கை நாலு பங்காகப் பிரித்து அரக்கு வைத்தார். களிம்பையும் விடவில்லை. கஞ்சா கலந்த மிட்டாயும் முகப்பூச்சும் இப்போது அங்கங்கே பிடிபடுகின்றன, பதினாலு நாளில் ஆய்வக முடிவு வரும், அதுவரை விற்கக் கூடாது என்றார். வயலுக்கு வந்து செடியைப் பாருங்கள் என்று இவள் கெஞ்சினாள். தான் பார்த்தால் செல்லாது, இயந்திரம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாளே ஊர் அவளுக்குக் கஞ்சாக்காரி என்று பேர் வைத்துவிட்டது. நாற்பது வருஷம் ஒரு பழிச்சொல் கேட்காமல் வாழ்ந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக் கொழுந்தன் சோணைமுத்து, தொக்கு தின்ற நாளெல்லாம் தனக்கு வரப்பு ஆடியதாகச் சொல்லித் திரிந்தான். களிம்பு தடவிய பெண்கள் கால் தரையில் பாவவில்லை என்றார்கள். நாலாம் நாள் அவளே பயந்துபோய் வயலில் ஒவ்வொரு செடியாக முகர்ந்து பார்த்தாள். அதைவிடக் கொடுமை, முன்வாசலில் ஏசியவர்களே கொல்லைப்பக்கம் வந்து ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டது.

பதினாலாம் நாள் காகிதம் வந்தது. தொக்கிலும் இல்லை, களிம்பிலும் இல்லை, கஞ்சா துளியும் இல்லை. சண்முகவள்ளி அழுதேவிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும் உரக்கப் படித்தாள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. சோணைமுத்துதான் ரொம்பவும் தளர்ந்துபோனான்.

"ஏன் மதினி, நெசமாவே ஒண்ணுமில்லையா? நம்பித் தின்ன எங்களை இப்படி ஏமாத்தலாமா?"

நேற்றுவரை கஞ்சாக்காரி, இன்றைக்கு மோசக்காரியா? அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"வெறுங்கீரையத் தின்னுட்டு ரெண்டு வாரமா ஆடிருக்கீக கொழுந்தனாரே. இனி லேப்புக்கு அனுப்ப வேண்டியது ஒங்களத்தான்."

கடையே குலுங்கிச் சிரித்தது. கஞ்சாக்காரி என்ற பேர் அன்றோடு போயிற்று. சோணைமுத்துவுக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அவன் எதிரில் மட்டும் யாரும் சொல்வதில்லை.