பிஸ்கட் டப்பாவுக்குப் போன பென்டிரைவ்

அன்று நான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடியபோது மணி நாலரையா, அதற்கும் மேலா என்று உறுதியாக நினைவில்லை. என் மனைவி அம்பிகா வேறு நேரம் சொல்கிறாள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம்.

விக்கிரமங்கலத்தில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். இருந்த ஒரே கம்ப்யூட்டரில் மெமரி இரண்டே ஜிபி. வேகமான பென்டிரைவ் ஒன்றைப் பின்னால் செருகி, துணை மெமரியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பிடுங்கவே கூடாது.

அம்பிகாவுக்கு ஒரு பழக்கம். வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடி, ஆதார் அட்டை, பென்டிரைவ் எல்லாம் அவளுடைய பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விடும்.

நர்ஸிங் சேர்க்கைக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துப் பதிய, அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. போனில் அந்த இணையப் பக்கம் திறக்காததால், பிளஸ் டூ முடித்திருந்த எங்கள் ஊர் ராசாத்தி என்னிடம் வந்திருந்தாள். பெரம்பலூர் கிடைத்தால் தினமும் பஸ்ஸில் போய்வரலாம். அதைவிடத் தூரமென்றால் அவள் அப்பா அனுப்பமாட்டார்.

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் கைவிட்டுத் தடவினேன். பென்டிரைவ் இல்லை.

“அதுவா? மினிபஸ் பெரியசாமி, பாட்டு பென்டிரைவை வுட்டுட்டேன்னு கேட்டாரு. டப்பாவுலேருந்து எடுத்துக் கொடுத்துட்டேன்,” என்றாள் அம்பிகா.

“எத்தனை தடவை சொல்றது, அது கம்ப்யூட்டரோடதுன்னு!”

“அப்ப உள்ளல்ல இருக்கணும்? வாலு மாதிரி வெளிய நீட்டிக்கிட்டிருந்தா?”

ஓடினேன். பெரியசாமி பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ஒரு பாட்டுகூட வரல சார். வண்டியில இருக்கறவங்க என்னையப் பாடச் சொல்றாங்க.”

கொண்டுவந்து செருகினேன். அப்போதும் வட்டம் சுற்றியது. நாலு ஐம்பது. இந்தப் பென்டிரைவ் எப்போதாவது உதவியதா, அல்லது உதவுகிறது என்று நான் நம்பினேனா? அந்த நேரத்தில் அப்படியொரு யோசனை.

“அண்ணே, மவுஸைக் கொடுங்க,” என்றாள் ராசாத்தி.

மூன்று கல்யாணப் பத்திரிகை, ஒரு காதணி விழா பேனர், பாதியில் விட்ட கிரிக்கெட். எல்லாம் நான் திறந்து போட்டவை. ஒவ்வொன்றாக மூடினாள். வட்டம் நின்றது. நாலு ஐம்பத்தேழுக்குப் பதிவானது.

“டப்பாவுல போட வேண்டியது இவரத்தான்,” என்றாள் அம்பிகா.

ராசாத்தி பெரம்பலூரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெரியசாமியின் பாட்டு பென்டிரைவ் அவர் சீட்டுக்கடியிலேயே கிடைத்தது. நான் எட்டு ஜிபியில் வேறு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதன் மவுஸ் இப்போது அம்பிகாவின் கையில்தான் இருக்கிறது.