படங்குக் கயிறு

முடிச்சு நேற்று விழுந்த இடத்தில் இன்று விழவில்லை. சுலக்ஷனா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு கயிற்றின் இரண்டு முனைகளையும் மறுபடி இழுத்தாள். ஒரு விரற்கடை போதவில்லை. வெளியே இன்னும் விடியவில்லை. கதவிடுக்கு வழியாக உள்ளே வந்த பனிமூட்டம் அடுப்புப் புகையோடு கலந்து, எது புகை எது பனி என்று தெரியாமல் லயத்து வீட்டின் கூரைத் தகரத்துக்குக் கீழே நின்றது. அவளுக்குத் தன் உடம்பும் இப்போதெல்லாம் அப்படித்தான் இருந்தது. எதுவரை தான், எங்கிருந்து உள்ளே இருக்கும் அது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். முடிச்சு விழுந்தது. இடுப்பைச் சுற்றி நேற்றைய தழும்பின் மேலேயே கயிறு போய் உட்கார்ந்துகொண்டது.

இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டும் கனத்த றெக்சின் துணிதான் படங்கு. அது இல்லாமல் தேயிலைக்குள் இறங்கினால் செடிகளின் வாதுகள் தொடையைக் கிழித்துவிடும். பனித்தண்ணீர் பாவாடையை நனைத்துக் காலோடு ஒட்டவைத்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்கள் எல்லோரும் அதை இடுப்பில்தான் கயிறு போட்டு இறுக்குவார்கள். பிள்ளை தங்கியவள் மட்டும் கயிற்றை வயிற்றுக்கு மேலே, மார்புக்குக் கீழே ஏற்றிக் கட்டுவாள். அந்தத் தோட்டத்தில் அதை வாய் திறந்து சொல்லும் வழக்கம் இல்லை. ஒருநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு அவள் வந்து நிற்பாள். எல்லோருடைய கண்ணும் கயிற்றுக்குப் போகும். "கயிறு ஏறிருச்சு டோய்" என்று யாராவது சிரிப்பார்கள். அன்று முதல் மலை முழுவதும் அவளுக்கு இடம் விடும்.

போன வருஷம் சுலக்ஷனா மூன்றாம் மாதத்திலேயே ஏற்றிவிட்டாள். ஆசைதான். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தி அவள் கன்னத்தைக்கூடக் கிள்ளினாள். அடுத்து வந்த மழையில் வயிறு வெறுமையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி வேலைக்குப் புறப்பட்ட காலையில், கயிற்றை எங்கே கட்டுவது என்று தெரியாமல் இதே இடத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு இடுப்பில் கட்டிக்கொண்டு போனாள். பெரட்டில் எல்லோரும் பார்த்தார்கள். உடனே எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அந்தக் காலைதான் அவளுக்கு அடிக்கடி கனவில் வந்தது. கனவில் கயிறு தானாக இறங்கும். இடுப்பைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, கான் வாய்க்காலில் ஓடும் தண்ணீர்போல நெளிந்து நெளிந்து மலையை விட்டே இறங்கிப் போகும். அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இந்தத் தடவை கயிறு ஏறாது. பிறந்த பிறகு தெரிந்தால் போதும். ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது. மேலே புருஷன் திலக்ஷனின் பழைய சட்டை, அதற்கும் மேலே தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர். குளிர்ந்த ஊரில் அது ஒரு வசதி. எவ்வளவு போர்த்திக்கொண்டாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"அந்தப் பேக்க இன்னும் தொறக்கவே இல்லபோல" என்றான் திலக்ஷன். தேத்தண்ணிக் கோப்பையை அவளிடம் நீட்டியபடி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பையைக் கண்ணால் காட்டினான். தலவாக்கலையில் அவன் வேலை செய்யும் கடைக்குப் பக்கத்துக் கடையில், அவனே போய் வாங்கிவந்த பெரிய கவுன் அதற்குள் இருந்தது.

"என்னா அவசரம்?"

"மிட்வைப் மிஸ் சொன்னாங்கதானே, வயித்துல இறுக்கமா எதுவும் கட்டக் கூடாதுன்னு. கடைல அந்தப் புள்ள என்னா சைஸ்னு கேட்டுச்சு. எனக்கு என்னா தெரியும்? கைய இப்படி விரிச்சிக் காட்டினேன். 'அண்ணே, ஆளுக்கா, மாட்டுக்கா'ன்னு கேட்டுருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கயிறு வெட்டியது.

"சிரிக்கிறியா? பட்டன் எல்லாம் முன்னுக்கு இருக்கு. பாக்கெட்டும் வச்சிருக்கு. மாடு தாராளமா நொழையலாம்."

"பொறவு போடுறேங்க."

"எப்ப?"

அவள் தேத்தண்ணியை ஊதினாள். போன வருஷத்தை அவனும் பார்த்தவன்தான். மேற்கொண்டு கேட்காமல் அடுப்புப் பக்கம் போய்க் குனிந்துகொண்டான்.

பெரட்டில் அழகுமுத்து கங்காணி மற்றவர்களை மேல் மலைக்குப் பிரித்துவிட்டு, அவளைப் பார்க்காமலே சொன்னார்: "சுலக்ஷனா, நீ ரோட்டு நெரைக்குப் போ."

ரோட்டோரத்து நிரை சமதரையில் இருக்கிறது. வயதானவர்களுக்கும் கால் ஏலாதவர்களுக்கும் கொடுப்பது. கொஞ்ச நாளாகவே அவளுக்கு அதுதான். தன்னைச் சோம்பேறி என்று கங்காணி ஒதுக்கிவிட்டார் என்று அவள் நினைத்திருந்தாள். வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குச் சமமாக நின்றும் இந்தப் பெயரா என்று இன்றைக்கு ஏனோ பொறுக்கவில்லை.

"என்னைய ஏன் கங்காணி எப்பவும் அங்கயே போடுறீங்க? நான் மேல ஏற மாட்டேனா?"

கங்காணி காதைச் சொறிந்தார். பெண்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "போன்னா போ புள்ள. விடிஞ்சும் விடியாமயும் கேள்வி."

"எனக்கும் முழங்கால் வலிக்குது கங்காணி. நானும் ரோட்டு நெரைக்கே போறேன்" என்றாள் றொசானா. கீழே இருக்கும் பணிய லயத்துக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"ஒனக்குத்தான் தெனம் ஒரு எடத்துல வலிக்குதே. நேத்து இடுப்பு. முந்தாநேத்து பல்லு."

"பல்லு வலிச்சா மேல ஏற ஏலுமா?"

பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். சற்று நேரத்தில் பனிமூட்டம் அவர்களை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டது. முதலில் கால்கள், பிறகு படங்குகள், கடைசியில் கூடைகள் மட்டும் தனியே மிதந்து போயின.

ரோட்டு நிரையில் எல்லாம் மெதுவாக நடந்தது. விரல்கள் தாமாகக் கிள்ளின. கொழுந்து தானாகக் கூடைக்குப் போனது. இரண்டு செடிகளுக்கு அப்பால் எதுவும் இல்லை. வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து கோச்சி கூவிக்கொண்டு புறப்படும் சத்தம் கீழேயிருந்து வராமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கும் பை நினைவுக்கு வந்தது. பாக்கெட் இருக்கிறது என்றானே. எதைப் போட்டுவைப்பது அதற்குள்? ஒரு சின்னக் காலுறை. ஒரு கொழுந்து. இந்தப் பனியில் கொஞ்சம். வெட்கமாக இருந்தது, நினைப்பை நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. கூடையில் கொழுந்தை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால், கொஞ்ச நேரம் கழித்து அது தானாக ஒருமுறை நெகிழ்ந்து மேலே எழும்புமே, அது மாதிரி. உள்ளேயிருந்து. கயிறு கிடந்த இடத்திலேயே. அவள் கைகள் செடியின் மேல் அப்படியே நின்றன. ஒன்றும் இல்லை, கயிற்றின் இறுக்கம்தான் என்று நினைக்கப் பார்த்தாள். மறுபடியும் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதுபோல.

"என்னா புள்ள நின்னுட்ட?" பக்கத்து நிரையிலிருந்து றொசானா கேட்டாள்.

"ஒன்னுமில்லக்கா."

"அசஞ்சிச்சா?"

சுலக்ஷனா திரும்பினாள். றொசானா தலையைத் தூக்காமல் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ரொட்டியப் பிச்சா வாசத்துக்கு மூஞ்சத் திருப்புற. மண்டைய பொளக்குற வெயில்லயும் ஸ்வெட்டரக் கழட்டல. ரெண்டு பெத்தவக்கிட்டப் போயி மறைக்கிற."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"கங்காணிக்கே தெரியும். நாங்கதான் போயி சொன்னோம், அவள ரோட்டு நெரைல போடுங்கன்னு. அந்த மனுசன் வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு தேங்காமரம் மாதிரி ஆடினாரு. எனக்கு என்னா தெனம் ஒரு வலின்னு நெனைக்கிற? தனியா ஒன்னைய விடக் கூடாதுன்னுதான்."

"அப்ப ஏன்க்கா ஒருத்தரும் கேக்கல?"

றொசானாவின் கைகள் முதல்முறையாக நின்றன. "கயிறு ஏறாம எப்படிடி கேக்குறது? போன தடவ எல்லாரும் சேந்து சிரிச்சோம். பொறவு நீ எறக்கிக் கட்டிட்டு வந்து நிக்கிற, எங்களுக்கு எங்க பாக்குறதுன்னே தெரியல." மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள். "இந்த தடவ நீயா ஏத்துற வரைக்கும் ஒருத்தி வாயத் தொறக்கக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கியிருக்கேன். மாரியம்மனக் கும்பிடுறவளுங்ககிட்டயும் மாதா மேலதான்."

சுலக்ஷனா ரோட்டைப் பார்த்தாள். ரோடு தெரியவில்லை. இத்தனை நாள் தான் மட்டும் மறைத்து வைத்திருந்ததாக நினைத்திருந்தாள். மலை முழுவதும் அவளோடு சேர்ந்து மறைத்திருக்கிறது.

"ஏத்திட்டு, மறுபடி எறக்க வேண்டி வந்தா?"

றொசானா யோசித்தாள். "தெரியலடி" என்றாள். பிறகு, "கயிறு வெட்டுதுதானே?"

"வெட்டுது."

"ரொம்பவா?"

"மூச்சு விட ஏலல."

சுலக்ஷனா கூடையை இறக்கி வைத்தாள். ஈரத்தில் ஊறி முடிச்சு கல்லாக இருந்தது. நகத்தால் நெடுநேரம் கிள்ள வேண்டியிருந்தது. அவிழ்ந்ததும் வயிறு ஒரு பெருமூச்சுபோல முன்னால் வந்தது. படங்கு சரிந்தது. றொசானா செடிகளின் மேல் எட்டி அதைப் பிடித்து நிறுத்தி, கயிற்றின் ஒரு முனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். இருவருக்கும் நடுவே தேயிலை. காற்று வந்து படங்குக்குள் புகுந்து அதை மெல்ல ஊதியது.

"எங்க கட்ட? சொல்லு."

சுலக்ஷனா தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது இன்னொரு தடவை தட்டுமா என்று காத்திருந்தாள். மேல் மலையில் பனி கொஞ்சம் விலகியது. அங்கே நிரைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்த முறை யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

"இன்னும் கொஞ்சம் மேலக்கா" என்றாள்.

கயிறு பனியில் ஈரமாக, அவர்கள் இரண்டு பேர் கையிலும் ஆடிக்கொண்டிருந்தது.